பிஎச்டி ப்ரொபோசல்: "டாபிக் இருக்கு, கேள்வி எங்க?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

முகில்23:
எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டிக்கு அப்ளை பண்றேன், 2500 வார்த்தைக்குள்ள ப்ரொபோசல் கேட்டிருக்காங்க. என் தலைப்பு "கல்லூரி மாணவர்களிடையே ஸ்மார்ட்போன் பயன்பாட்டின் தாக்கம்: ஓர் ஆய்வு". ஸ்மார்ட்போன் எப்போ வந்துச்சு, அதனால என்ன நன்மை, என்ன தீமைன்னு அறிமுகமே 4 பக்கம் போயிருச்சு. கைடா இருக்க சம்மதிச்சவங்க படிச்சுப் பாத்துட்டு மார்ஜின்ல ஒரே ஒரு வரி, "டாபிக் இருக்கு, கேள்வி எங்க?" அவ்ளோதான், வேற எதுவும் சொல்லல, திரும்ப கேக்கவும் தயக்கமா இருக்கு.

நெட்ல தேடினா அறிமுகம், நோக்கம், லிட்ரேச்சர் ரிவ்யூ, மெத்தடாலஜி, டைம்லைன், ரெபரன்ஸ்னு தலைப்பு லிஸ்ட் மட்டும் தான் எல்லா இடத்துலயும் கிடைக்குது. தலைப்பு தெரியுது, உள்ள என்ன எழுதணும்னு தான் தெரியல. எதை முதல்ல எழுதணும்? ரிவ்யூவுக்கு எத்தனை பேப்பர் படிக்கணும்? சாம்பிள் சைஸ் பத்தி சீனியர் ஒருத்தர்கிட்ட கேட்டா "எல்லாரும் 384 தான் போடுவாங்க, நீயும் போட்டுரு"ன்னு சொல்றார், அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு அவருக்கும் தெரியல. அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் வழி காட்டுங்க.

ராகவி:
முகில், உங்க கைடு நல்ல கைடு. அந்த ஒரு வரியிலயே எல்லாம் இருக்கு.

உங்க தலைப்பை எடுத்துக்கங்க. தாக்கம்னா எதுல? தூக்கத்துலயா, மார்க்லயா, கண்ணுலயா, நட்புலயா? பயன்பாடுன்னா எது, கிளாஸ் நோட்ஸ் பாக்குறதும் பயன்பாடு தான், ராத்திரி 2 மணிக்கு ரீல்ஸ் தள்ளுறதும் பயன்பாடு தான். மாணவர்கள்னா யாரு, வீட்ல இருந்து வர்றவங்களா, ஹாஸ்டல்ல இருக்கறவங்களா? இந்த மூணுக்கும் பதில் சொல்லி முடிச்சாலே பாதி ப்ரொபோசல் வந்துரும். உதாரணத்துக்கு "ஹாஸ்டல்ல தங்குற முதல் வருஷ மாணவர்கள்ல, படுக்கைக்குப் போன பிறகு போன் பாக்குற நேரத்துக்கும் அவங்க தூக்கத்தோட தரத்துக்கும் தொடர்பு இருக்கா"ன்னு கேட்டீங்கன்னா யாரை ஆய்வு பண்றீங்க, எதை அளக்கறீங்க, எதோட ஒப்பிடறீங்கன்னு மூணும் அந்த ஒரே வாக்கியத்துல உக்காந்திருக்கு. தூக்கத்தோட தரத்தை அளக்க 1989லயே பிட்ஸ்பர்க் ஸ்லீப் குவாலிட்டி இண்டெக்ஸ்னு ஒண்ணு வந்திருக்கு, 19 கேள்வி, மொத்த ஸ்கோர் 0ல இருந்து 21 வரைக்கும், 5க்கு மேல போனா தூக்கம் சரியில்லன்னு எடுத்துக்குவாங்க. அப்போ "தூக்கம் பாதிக்கப்படுகிறது"ங்கற காத்துல மிதக்கற வாக்கியம் திடீர்னு ஒரு நம்பரா மாறிருது பாருங்க, ப்ரொபோசல்ல வேண்டியது அது தான்.

கேள்வியை டெஸ்ட் பண்ண ஒரு வழி. "இல்லை"ன்னு பதில் வந்தாலும் அது ஒரு செய்தியா இருக்குமான்னு உங்களையே கேளுங்க. உங்க பழைய தலைப்புக்கு "இல்லை"ன்னு ஒரு பதிலே வர முடியாது, ஏதோ ஒரு தாக்கம் இருக்கத்தான் செய்யும். அதனால தான் அது கேள்வியே இல்ல.

எழுதுற வரிசைன்னா நான் மாணவர்களுக்கு சொல்றது: கேள்வி, அப்புறம் மெத்தட், அப்புறம் ரிவ்யூ, அறிமுகம் கடைசி, தலைப்பு அதுக்கும் கடைசி. படிக்கறவங்களுக்கு வர்ற வரிசை வேற, நமக்கு எழுதற வரிசை வேற. ஸ்மார்ட்போன் வரலாறு 4 பக்கத்தையும் தூக்கிருங்க, படிக்கப் போறவங்க பாக்கெட்லயே போன் இருக்கு.

பழைய_பென்ச்:
ராகவி மேடம் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. நான் அப்ளிகேஷன் படிக்கற கமிட்டியில இருந்திருக்கேன். ஒரு கட்டு ப்ரொபோசல் மேஜையில கிடக்கும், சத்தியமா சொல்றேன், முதல் ரவுண்டுல யாரும் முழுசா படிக்கறதில்ல. முதல் பக்கம், அப்புறம் நேரா ஆப்ஜெக்டிவ், அப்புறம் மெத்தட், டைம்லைனை ஒரு பார்வை. இது நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போனா தான் மிச்சத்தைப் படிப்போம்.

ஒத்துப்போகாத இடம் எதுன்னா பெரும்பாலும் ஆப்ஜெக்டிவ் தான். "ஆராய்தல்", "அறிந்துகொள்ளுதல்", "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்"னு 7 ஆப்ஜெக்டிவ் இருக்கும், மெத்தட்ல பாத்தா ஒரே ஒரு கூகுள் ஃபார்ம். விழிப்புணர்வு ஏற்படுத்தறது நல்ல காரியம் தான், ஆனா அது ஆய்வோட நோக்கம் இல்ல. அளக்குறேன், ஒப்பிடறேன், சோதிக்கிறேன்னு செய்யற வேலையா எழுதுங்க, ரெண்டோ மூணோ போதும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இதுக்கு என்ன டேட்டா, எந்தக் கருவி, எந்த அனாலிசிஸ்னு ஒரு டேபிள் போட்டுப் பாருங்க, எந்தக் கட்டமாவது காலியா இருந்தா அந்த ஆப்ஜெக்டிவை வெட்டிருங்க.

இன்னொரு மாட்டுற இடம் இருக்கு. ரெண்டாவது ஆப்ஜெக்டிவ் நடக்கணும்னா முதலாவது கண்டிப்பா ஜெயிச்சாகணும்னு சிலர் எழுதிருவாங்க, முதல்ல தொடர்பு இருக்குன்னு வரும், அதை வச்சு அடுத்தது பண்ணுவேன்னு. முதல்லயே தொடர்பு இல்லன்னு வந்துட்டா மூணு வருஷமும் போச்சு. ரிவ்யூவர் கண்ணுக்கு இது உடனே தெரியும்.

நேரம் கிடைச்சா ஜார்ஜ் ஹைல்மையர் கேள்விகளைத் தேடிப் படிங்க. 1970கள்ல அமெரிக்காவோட டார்பாங்கற ராணுவ ஆராய்ச்சி அமைப்புக்குத் தலைவரா இருந்தவர், பணம் கேட்டு யார் வந்தாலும் இதைக் கேப்பாராம்: துறைச்சொல் ஒண்ணு கூட இல்லாம நீ என்ன செய்யப் போறன்னு சொல்லு, இன்னிக்கு இதை எப்படிச் செய்யறாங்க, அதுல என்ன குறை, உன் வழியில என்ன புதுசு, இது நடந்தா யாருக்கு என்ன, என்ன ரிஸ்க், எவ்வளவு செலவு, எத்தனை நாள், ஜெயிச்சியா இல்லையான்னு எப்படித் தெரியும். சயின்ஸ் தான்னு இல்ல, எந்தத் துறைக்கும் பொருந்தும்.

முகில்23:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆப்ஜெக்டிவ் பத்தி சொன்னது நேரா நெஞ்சுல குத்துச்சு, எனக்கு 6 இருக்கு, அதுல ஒண்ணு விழிப்புணர்வே தான் 😅

இப்படி மாத்தியிருக்கேன், பாத்து சொல்லுங்க: "கல்லூரி விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களிடம், படுக்கைக்குச் சென்றபின் ஸ்மார்ட்போன் பயன்படுத்துவது தூக்கத்தின் தரத்தைக் குறைக்கிறதா?" மெத்தட்: 384 பேர்கிட்ட ஒரு தடவை கேள்வித்தாள், தினமும் எவ்ளோ நேரம் போன் பாக்குறீங்கன்னு ஒரு கேள்வி, அதோட தூக்க ஸ்கேல், அப்புறம் கோரிலேஷன் (ரெண்டும் சேந்து மாறுதான்னு பாக்குற கணக்கு). இது ஓகேவா?

எண்_கணக்கு:
ஓகே இல்ல ப்ரோ, ஆனா கிட்ட வந்துட்டீங்க.

முதல்ல அந்த 384. பெரிய மக்கள்தொகையில எத்தனை சதவீதம் பேர் ஏதோ ஒண்ணு பண்றாங்கன்னு 95% கான்ஃபிடன்ஸோட, 5% முன்னப்பின்ன பிழையோட மதிப்பிடணும்னா ஃபார்முலா 1.96ஐ வர்க்கம் பண்ணி 0.5 பெருக்கல் 0.5ஆல பெருக்கி 0.05ஓட வர்க்கத்தால வகுக்கறது, 384.16 வரும். கதை அவ்ளோதான். 1970ல கிரெஜ்சி, மார்கன் ரெண்டு பேரும் போட்ட டேபிள்லயும் மக்கள்தொகை 10 லட்சம்னா 384, ஆயிரம்னா 278. அந்த டேபிளை காப்பி அடிச்சு அடிச்சு இப்போ எல்லா தீசிஸ்லயும் 384 உக்காந்திருக்கு. ஆனா அது ஒரு சதவீதத்தை மதிப்பிடறதுக்கு, அதுவும் ராண்டமா ஆள் எடுத்தா மட்டும் தான். வாட்ஸப் குரூப்ல லிங்க் போட்டு வந்தவங்களை எண்ணிட்டு 384னு எழுதினா அதுல ஒரு அர்த்தமும் இல்ல. ரெண்டு குழுவை ஒப்பிடறது, கோரிலேஷன் பாக்குறது இதுக்கெல்லாம் கணக்கே வேற.

ரெண்டாவது தான் பெரிய பிரச்சனை. "குறைக்கிறதா"ன்னு கேக்கறீங்க, அது காரண காரியக் கேள்வி. ஒரே ஒரு தடவை கேள்வித்தாள் குடுத்தா தொடர்பு மட்டும் தான் தெரியும். போன் பாத்ததால தூக்கம் வரலையா, இல்ல தூக்கம் வராததால போனை எடுத்தாரான்னு அந்த டேட்டா சொல்லவே சொல்லாது, ரெண்டுக்கும் பின்னாடி எக்ஸாம் டென்ஷன்னு மூணாவது ஒண்ணு கூட இருக்கலாம். அதனால ஒண்ணு கேள்வியை "தொடர்பு உண்டா"ன்னு இறக்குங்க, இல்ல டிசைனை ஏத்துங்க. வைவால (வாய்மொழித் தேர்வுல) முதல்ல இதைத்தான் பிடிப்பாங்க.

டிசைனை ஏத்தறதுன்னா: ராண்டமா ரெண்டு குழு, ஒரு குழு படுக்கும்போது போனை கைக்கு எட்டாத இடத்துல வைக்கணும், இன்னொண்ணு வழக்கம்போல. நடுத்தரமான வித்தியாசம், அதாவது கோஹென் டி (ரெண்டு குழு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தோட அளவு) 0.5 எதிர்பாத்தீங்கன்னா 5% சிக்னிஃபிகன்ஸ் (இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லிடற வாய்ப்பு), 80% பவருக்கு (இருக்கற வித்தியாசத்தைப் பிடிக்கற வாய்ப்பு) ஒரு குழுவுக்கு 64 பேர். அஞ்சுல ஒருத்தர் நடுவுல விலகுவாங்கன்னு வச்சுக்கிட்டா 80. சின்ன வித்தியாசம், 0.2 தான் எதிர்பாக்கறீங்கன்னா ஒரு குழுவுக்கே ஏறக்குறைய 390 பேர் வேணும், அப்போ ஒரு ஆளா செய்ய முடியுமான்னு யோசிக்கணும். ஜி பவர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல போட்டு என்ன எஃபெக்ட் சைஸ் (எதிர்பாக்கற வித்தியாசத்தோட அளவு) எடுத்தீங்க, ஏன் அதை எடுத்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அந்த "ஏன்" தான் முக்கியம், முந்தின ஆய்வுகள்ல எவ்வளவு வித்தியாசம் வந்துச்சுன்னு பாத்து எடுக்கணும். ஹாஸ்டல்ல இன்னொரு சிக்கல், ஒரே ரூம்ல ஒருத்தன் போனை வச்சிட்டு படுத்திருப்பான், பக்கத்து கட்டில்காரன் வெளிச்சத்துல வீடியோ பாத்துட்டு இருப்பான். அப்போ ஆளா பிரிக்கக்கூடாது, ரூம் ரூமா பிரிக்கணும், அப்படிப் பிரிச்சா சாம்பிள் இன்னும் கூடும்.

அப்புறம் "எவ்ளோ நேரம் போன் பாக்குறீங்க"ன்னு கேட்டு வாங்கற பதிலை நம்பாதீங்க. ஆளுங்க சொல்றதும் போன்லயே பதிவாகற ஸ்க்ரீன் டைமும் சரியா ஒத்துப்போறதில்லன்னு நிறைய பேர் காட்டியிருக்காங்க. முடிஞ்சா ஸ்க்ரீன் டைம் ரெக்கார்டையே வாங்குங்க.

சாரல்:
எல்லாரும் நம்பர்லயே போறதால குறுக்க ஒண்ணு சொல்லிக்கறேன். எல்லா ப்ரொபோசலுக்கும் ஹைப்பாதிசிஸ் (சோதிச்சுப் பாக்கப் போற ஊகம்), சாம்பிள் சைஸ் ஃபார்முலா வேணும்னு இல்ல. வரலாறு, இலக்கியம், மானுடவியல் பக்கம் இருந்து இதைப் படிக்கறவங்க பயந்துரப் போறாங்க. அங்க "எந்த ஆவணம், எங்க இருக்கு, அதைப் பாக்க அனுமதி கிடைச்சாச்சா, அந்த மொழியோ எழுத்தோ உங்களுக்குப் படிக்க வருமா" இது தான் மெத்தட்.

இதே போன் விஷயத்தை நேர்காணலாவும் பண்ணலாம். ராத்திரி போனை ஏன் கீழ வைக்க முடியலன்னு அவங்களே சொல்றதைக் கேக்கறது தனி ஆய்வு. எத்தனை பேர்கிட்ட பேசணும்னு கேப்பாங்க. 2006ல கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் எழுதின பேப்பர்ல 60 நேர்காணலை வரிசையா அலசிப் பாத்து முதல் 12லயே பெரும்பாலான கருத்துகள் வந்துட்டதா காட்டினாங்க. ஆனா அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், ஒரே மாதிரியான கேள்விகள். அதை விட்டுட்டு "12 போதும், பார்க்க கெஸ்ட்"னு எழுதினா அது குவாலிடேடிவ்காரங்களோட (எண்ணுக்குப் பதிலா பேச்சு, கருத்தை வச்சு ஆய்வு பண்றவங்களோட) 384 😀

ராகவி மேடத்தோட ஒரு இடத்துல எனக்கு முழு உடன்பாடு இல்ல. களத்துக்குப் போற ஆய்வுல கேள்வி போன இடத்துல மாறும், மாறணும். ப்ரொபோசல்லயே கேள்வியை ஆணி அடிச்சு வச்சா களத்துல காது கேக்காது.

ராகவி:
சாரல், மாறட்டும், நான் வேண்டாம்னே சொல்லல. ஆனா எதுல இருந்து மாறுச்சுன்னு தெரியணும்ல, அதுக்காவது முதல்ல ஒண்ணு எழுதி வச்சிருக்கணும். "களத்துல போய் பாத்துக்கறேன்"னு மட்டும் எழுதின ப்ரொபோசல் என்கிட்டயும் வருது, எதைப் பாக்கப் போறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

முகில், எத்தனை பேப்பர்னு கேட்டிருந்தீங்க, அதுக்கு நம்பர் கிடையாது. உங்க கேள்விக்கு ரொம்ப நெருக்கமா இருக்கற நாலஞ்சு பேப்பரைக் கண்டுபிடிங்க, அதோட ரெபரன்ஸ் லிஸ்ட்ல பின்னாடி போங்க, கூகுள் ஸ்காலர்ல அதை யார் யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு முன்னாடி போங்க. திரும்பத் திரும்ப அதே பேர்களே வர ஆரம்பிச்சா ப்ரொபோசலுக்கு அது போதும். சிஸ்டமேடிக் ரிவ்யூ (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையா தேடித் தொகுத்த கட்டுரை) ஏதாவது வந்திருக்கான்னு முதல்லயே தேடிருங்க, பாதி வேலை மிச்சம்.

எழுதும்போது "அவர் 2015ல இப்படிச் சொன்னார், இவர் 2017ல அப்படிச் சொன்னார்"னு வரிசையா அடுக்காதீங்க, அது படிச்சதுக்கு சாட்சி, ரிவ்யூ ஆகாது. தொடர்பு இருக்குன்னு சொல்றவங்க ஒரு பக்கம், இல்லன்னு சொல்றவங்க ஒரு பக்கம், ஏன் வேறுபடறாங்க, அளந்த விதம் வேறயா, வயசு வேறயான்னு போகணும். ஜான் ஸ்வேல்ஸ் 1990ல ஆய்வுக் கட்டுரை அறிமுகங்களைப் பத்தி சொன்னது இங்கயும் உதவும், முதல்ல களம் எது, அப்புறம் அதுல இடைவெளி எங்க, அப்புறம் அதை நான் எப்படி நிரப்பப் போறேன். அந்த இடைவெளி தான் பலருக்கும் உதைக்கும். "இந்தக் கல்லூரியில் இதுவரை யாரும் செய்யவில்லை"ங்கறது இடைவெளி ஆகாது, யாரும் செய்யாதது உலகத்துல ஆயிரம் இருக்கு. உங்களுக்கு நிஜமான இடைவெளி எண்_கணக்கு மேல சொன்னதுலயே கிடக்கு, நிறைய ஆய்வுகள் ஆள் சொன்ன நேரத்தை நம்பி, ஒரே ஒரு தடவை கேட்டு முடிச்சவை. நீங்க பதிவான நேரத்தை எடுத்து, ரெண்டு குழுவா பிரிச்சுப் பாத்தீங்கன்னா இந்த ஆய்வைச் செய்ய அதுவே காரணம். தேடிப் பாத்து உறுதி பண்ணிக்கங்க.

ஏஐ வச்சு ரெபரன்ஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் பேர் நிஜமா இருக்கும், ஜர்னல் நிஜமா இருக்கும், அந்தப் பேப்பர் மட்டும் இருக்காது. ஒவ்வொண்ணையும் டிஓஐ (ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கற தனி அடையாள எண்) போட்டுத் திறந்து பாருங்க. சோடெரோ மாதிரி ஒரு இலவச டூல்ல முதல் நாள்ல இருந்தே சேத்து வைங்க.

நிலா_வாசகி:
யாரும் எதிக்ஸ் பக்கமே வரல, அதனால நான். மனுஷங்களை வச்சு செய்யற ஆய்வுன்னா எதிக்ஸ் கமிட்டி அனுமதி டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி வாங்கணும், எடுத்துட்டு வாங்க முடியாது. "ஒப்புதல் பெறப்படும்"னு ஒத்தை வரியில முடிச்சுராதீங்க அக்கா/அண்ணா (முகில் யாருன்னு தெரியல). ஸ்க்ரீன் டைம் ரெக்கார்ட்ல யார் எந்த ஆப் எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு எல்லாமே தெரியும், அதை எங்க வைப்பீங்க, பேரை எப்போ நீக்குவீங்க, எப்போ அழிப்பீங்க? நீங்களே அந்த மாணவங்களுக்கு கிளாஸ் எடுக்கறவரா இருந்தா அவங்க "மாட்டேன்"னு சொல்ல முடியுமா? தூக்கத்தைப் பத்தி கேக்கும்போது ஒருத்தர் மன உளைச்சல்ல இருக்கறது தெரிஞ்சா யார்கிட்ட அனுப்புவீங்க? கமிட்டி கேக்கறது இதைத்தான்.

ஸ்கேலுக்கும் அனுமதி பாருங்க. இலவசம்னு நினைச்சு எடுத்து, பின்னாடி லைசன்ஸ் பிரச்சனையில வெளியான பேப்பரையே வாபஸ் வாங்கின கதையெல்லாம் நடந்திருக்கு. மொழிபெயர்த்துக் குடுக்கறதா இருந்தா, வேற ஒருத்தரை வச்சு திரும்ப மூல மொழிக்கே மாத்தி ஒப்பிட்டுப் பாக்கணும், அப்புறம் சின்ன குழுவுல பைலட் (முன்னோட்டச் சோதனை). அதுக்கும் டைம்லைன்ல இடம் விடுங்க.

முகில்23:
அண்ணா தான் 🙂 எல்லாத்தையும் படிச்சு திரும்ப எழுதியிருக்கேன்.

கேள்வி: "கல்லூரி விடுதியில் தங்கும் முதலாண்டு மாணவர்களில், படுக்கும் நேரத்தில் போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது, வழக்கம்போல் இருப்பவர்களோடு ஒப்பிடும்போது, தூக்கத் தர ஸ்கோரை மேம்படுத்துகிறதா?" ஆப்ஜெக்டிவ் ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஸ்கோரை ஒப்பிடறது, இன்னொண்ணு ஸ்க்ரீன் டைம் பதிவுக்கும் அவங்க சொன்ன நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாக்குறது, முதலாவது தோத்தாலும் இது நிக்கும். ரூம் ரூமா ராண்டம். 2 வாரம் நடத்தி முடிவுல ஸ்கேல் குடுக்கறேன். செமஸ்டர் ஆரம்பிச்சு மூணாவது மாசம்னு டைம்லைன் போட்டிருக்கேன்.

பழைய_பென்ச்:
அட, இது ப்ரொபோசல். ரெண்டாவது ஆப்ஜெக்டிவ் தனியா நிக்குது பாருங்க, அது தான் வேணும்.

எண்_கணக்கு:
நல்லா வந்திருக்கு ப்ரோ. ரெண்டு திருத்தம். பிட்ஸ்பர்க் ஸ்கேல் கடந்த ஒரு மாசத் தூக்கத்தைப் பத்தி கேக்குது, நீங்க 2 வாரத்துல கேட்டா பாதி பழைய தூக்கத்தையும் சேத்து அளந்துருவீங்க, குறைஞ்சது 4 வாரம் வைங்க, ஆரம்பத்துலயும் ஒரு தடவை அளங்க. மூணாவது மாசம் இன்டர்னல் டெஸ்ட் எதுவும் வராம பாத்துக்கங்க, டெஸ்ட் வாரத்துல எவன் தூங்குவான். ரூம் ரூமா பிரிச்சதுக்கு சாம்பிளை எவ்வளவு கூட்டணும்னு ஒரு ரூம்ல எத்தனை பேருன்னு சொன்னீங்கன்னா போட்டுத் தர்றேன்.

ராகவி:
இதையே கைடுக்கு அனுப்புங்க. முழு ப்ரொபோசல் வேண்டாம், இந்தக் கேள்வி, ரெண்டு ஆப்ஜெக்டிவ், பழைய_பென்ச் சொன்ன டேபிள், எல்லாம் சேர்த்து ஒரே பக்கம். வேர்ட் ஃபைலா அனுப்புங்க, பிடிஎஃப்ல அனுப்பினா மறுபடியும் மார்ஜின்ல ஒத்தை வரி தான் வரும்.

முகில்23:
ரூமுக்கு 3 பேர், எண்_கணக்கு ப்ரோ. கைடுக்கு இன்னிக்கே அனுப்பிடறேன் மேடம்.